சிக்காகோவோ, ஹூஸ்ரனோ

பங்குனி 10, திங்கள்

மழை. காலமை ஷிஃப்ட், வுப்பர்டாலின்ர மலைப்பக்க பஸ் ஓட்டினன். வைப்பர் ஒண்டு கீச்சுக் கீச்செண்டு முழு நாளும் என்ர உயிரை எடுத்தது. கராஜில சொல்லியாச்சு. செய்தால் செய்வினம்.

வாங்க: உள்ளி, சலவைத்தூள், ஆரணிக்கு ஓட்ஸ் பால் (மாட்டுப்பாலில என்ன குறை எண்டு கேட்டால் சண்டை).

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழட்டவும் விடேல்லை. ஆரணி ஓடி வந்து கட்டிப்பிடிச்சாள். இரண்டு இடமும் கிடைச்சிட்டுதாம். இரண்டும்! சிக்காகோவில ஒரு பல்கலைக்கழகம், ஹூஸ்ரனில ஒண்டு. தண்ணி எஞ்சினியர் படிச்சவளுக்கு தண்ணியிலயே ஆராய்ச்சி, சம்பளத்தோட, நாலைஞ்சு வருசம். எது வேணும் எண்டு வாற திங்கள் பதில் சொல்ல வேணும்.

சந்தோசப் புழுகத்தில அழுதிட்டன். பிறகு குசினிக்குள்ள போய் வேற அழுகை. ஜெர்மனியில, இந்த வீட்டில இருக்கிறது நானும் என்ர மகளும் மட்டும்தான், இவர் போனபிறகு. படத்துக்கு முன்னால நிண்டு சொன்னன், "உங்கட மகள் அமெரிக்கா போறாள்." மனுசன் ஒண்டும் சொல்லேல்லை. உயிரோட இருக்கேக்கையும் இப்பிடித்தான்.

"எந்த ஊர் பிள்ளை உனக்கு விருப்பம்?"

"எனக்கு ஈகால் அம்மா. நீங்களே சொல்லுங்கோ."

ஈகாலாம். எதெண்டாலும் ஒண்டுதானாம். ஒரு சோடி சொக்ஸுக்கு மூண்டு கடை ஏறி இறங்கிற பிள்ளை கதைக்கிற கதை.

பங்குனி 11, செவ்வாய்

மழை விட்டிட்டுது. குளிர் விடேல்லை. கால் நகம் வெட்ட வேணும்.

பின்னேரம் ஹூஸ்ரனில இருந்து அண்ணை. அவருக்கு அங்க காலமை, கோப்பிக் கப்போட வீடியோவில வந்தார். ஆரணி சொல்லிப்போட்டாள் போல. வணக்கம் கிணக்கம் ஒண்டுமில்லை.

"இதில என்ன யோசினை சுபா? மாமன் நான் இஞ்ச இருக்கிறன். மேல ஒரு அறை சும்மா கிடக்கு. குமர்ப்பிள்ளையைக் கொண்டுபோய் சிக்காகோவில தனிய விடுவியே?"

"அவள் குமர்ப்பிள்ளை இல்லை அண்ணை, எஞ்சினியர்."

"எஞ்சினியர் எண்டால் குளிராதோ? அங்க மூக்கு விறைச்சு விழும். இன்னொண்டு கேள். சிக்காகோவில சனம் முந்தி இருந்ததை விடக் குறைவு. ஹூஸ்ரனைப் பார், நாளுக்கு நாள் வளருது. வளருற ஊருக்கு வர வேணும், சனம் விட்டிட்டுப் போற ஊருக்கில்லை. பேந்து நீயும் பென்சன் எடுத்து இஞ்ச வந்திடலாம்."

பிறகு போனைத் திருப்பிப் பின்வளவைக் காட்டினார். கறிவேப்பிலை மரம். மரம்! நான் இஞ்ச ஒரு நெட்டு வாங்கி, இலையை எண்ணி எண்ணித் தாளிக்கிறன்.

ஆரும் வாசிக்கப் போறேல்லை, உண்மையை எழுதுவம். எனக்கு ஹூஸ்ரன்தான் விருப்பம். பிள்ளை அண்ணையின்ர வீட்டில, கடைசியில நானும் அங்க, வளவில மரம். கை நோகுது, இனி சி., ஹூ. எண்டுதான் எழுதுவன்.

பங்குனி 12, புதன்

வெயில் மாதிரி ஒண்டு.

படியில மேல்வீட்டு செந்தில். கோயம்புத்தூர்ப் பெடியன், கம்ப்யூட்டர் வேலை, முந்தி ஹூ.-வில இருந்தவர். கேட்டன்.

"ஹூஸ்டனா? சூப்பர் சிட்டி அக்கா. வெதர் நம்ம ஊரு மாதிரியே. பெரிய வீடு, பேக்யார்டு, சாப்பாடு வேற லெவல். நம்ம ஆளுங்க நிறைய பேரு. ஆனா கார் இல்லன்னா காலி. ஒரு பால் பாக்கெட்டுக்கு ஹைவே ஏறணும்."

"ஏன், பஸ் ஓடுறேல்லையோ?"

"பஸ் இருக்குன்னு நினைக்கிறேன் அக்கா. நான் ஏறினதே இல்ல."

இருக்குதாமெண்டு நினைக்கிறாராம்! இதைப் போய் ஒரு பஸ் ஓட்டுறவளிட்ட சொல்லலாமோ. எனக்குச் சுள்ளெண்டு வந்திட்டுது. சரி, நானே ஓடிப் பாக்கிறன் எண்டு சோபாவில ஏறி இருந்து, கம்ப்யூட்டரில அந்தத் தெருப்படம் இருக்கெல்லே, அதில ஹூ.-வின்ர ஒரு பஸ் லைனைத் தொடக்கத்தில இருந்து பிடிச்சன். தரிப்புத் தரிப்பா.

சும்மா சொல்லக்கூடாது, வடிவான ஊர். என்ன வானம் அது! இஞ்ச மலைக்கு நடுவில வானத்தைக் கிழிச்சுத் துண்டாத்தான் தந்திருக்கு, அங்க முழுச் சீலையா விரிச்சுக் கிடக்கு. மேம்பாலங்கள் ஒண்டுக்கு மேல ஒண்டு, இடியப்பம் பிழிஞ்சு வைச்ச மாதிரி. தெருவுக்குக் குடை பிடிக்கிற பெரிய மரங்கள். வியட்நாம் எழுத்தில கடை, ஸ்பானிய எழுத்தில கடை, எங்கட ஆக்களின்ர மளிகைக்கடையும். புதுசு புதுசா வீடு எழும்புது. வந்தவனுக்கெல்லாம் இடமிருக்கு எண்டு சொல்லுற ஊர். எனக்குப் பிடிச்சுது.

ஆனால் தரிப்புக்குத் தரிப்பு ஆள் இல்லை. கார் நிறுத்துற வெளி, பிறகு வெளி, பிறகும் வெளி. ஒரு தரிப்பில மட்டும் ஒரு மனுசி, வெயிலுக்குக் குடை பிடிச்சுக்கொண்டு தனிய. முகத்தை மறைச்சு விட்டிருந்தினம். எவ்வளவு நேரமா நிக்கிறாளோ. அவளை ஏத்தாமல் படத்தை மூட மனம் கேக்கேல்லை.

பிட்டு அடிப்பிடிச்சுப் போச்சு.

பங்குனி 13, வியாழன்

மூடுபனி. இண்டைக்கு மலையில பஸ் ஊர்ந்துதான் போனது.

ஓய்வறையில பீற்றர் (இந்த வருசம் பென்சன்) சொன்னான், தான் கலியாணம் முடிச்ச புதுசில சி. போனதாம். என்ன பாத்தனீ எண்டன். "ரயிலைப் பாத்தன். தலைக்கு மேலால போகுது, எங்கட மாதிரி. ஆனா எங்கட ரயில் தண்டவாளத்துக்குக் கீழ தொங்குது, அவையின்ர மேல நிக்குது." மனுசியை விட்டிட்டு மூண்டு நாள் ரயிலுக்குள்ளயே இருந்தானாம். மனுசி இப்பவும் அதைச் சொல்லிக் காட்டுறாளாம். எல்லா ஊரிலயும் பஸ்காரன் பஸ்காரன்தான்.

வீட்டுக்கு வந்து சி. லைன் ஒண்டு ஓடினன். அம்மாளாச்சி! இதெல்லே லைன். நடுத்தெருவில இரும்புத் தூண், மேல ரயில், கீழ பஸ். மூண்டு மாடிச் செங்கல் வீடுகள் தோளோட தோள் இடிச்சுக்கொண்டு. கீழ சலவைக்கடை, பாண் கடை, தலைமயிர் வெட்டுற கடை. ஒவ்வொரு தரிப்பிலயும் ஆக்கள். பிள்ளையோட, பையோட, ஒருத்தன் பெரிய வயலினோட. கதவை மூடவே விடமாட்டினம் போல. கடைசியில ஒரு ஏரி, கடல் எண்டே நினைச்சன். அக்கரை தெரியேல்லை.

வீடியோவும் பாத்தன். பனி கொட்டினால் அவனவன் தன்ர காருக்கு இடம் வழிச்சுப்போட்டு, ஆரும் பிடிக்காமலிருக்க அதில பழைய குசினிக் கதிரையை வைச்சிட்டுப் போறானாம். மற்றவன் அந்தக் கதிரையைத் தொடமாட்டானாம். சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணீர் வந்திட்டுது. ஊரில பஸ் யன்னலுக்குள்ளால கைலேஞ்சி எறிஞ்சு சீற் பிடிச்ச சனமெல்லே நாங்கள். உவை எங்களுக்குச் சொந்தம்தான்.

இரவுச் சாப்பாட்டில ஆரணியைக் கிண்டினன். ஹூ.-வில என்ன வேலை? "வெள்ளம் அம்மா. மழை பெஞ்சால் ஓடப் போக்கில்லை. நல்ல லேப். நல்ல புரொபெசர்." முடிஞ்சுது. சொதியை விட்டுச் சாப்பிடுறாள்.

சி.-வில என்ன?

அவ்வளவுதான். கரண்டியை வைச்சிட்டாள். அந்த ஊரில ஒரு ஆறு ஏரிக்குள்ள ஓடினதாம், ஊத்தை எல்லாம் குடிக்கிற தண்ணிக்குள்ள. அந்தக் காலத்திலயே வாய்க்கால் வெட்டி ஆத்தையே மற்றப்பக்கம் திருப்பி ஓட விட்டினமாம். அதுக்கு முதல், ஊர் சதுப்பில தாழுது எண்டு கட்டடங்களை ஜாக் வைச்சுத் தூக்கினவையாம், உள்ள ஆக்கள் இருக்க இருக்க! கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுறாள். கண் ரண்டும் மினுங்குது. சொதி ஆறிப்போய் ஆடை படிஞ்சிட்டுது, பிள்ளைக்குத் தெரியேல்லை.

"அப்ப உனக்குச் சிக்காகோதான்."

உடன முகத்தை மாத்தினாள். "இல்லையம்மா, ஈகால். மாமா பாவம், அறை எல்லாம் துப்பரவாக்கி வைச்சிருக்கிறார்."

கள்ளி. பெத்தவளுக்கு விளங்காதாம்.

பங்குனி 14, வெள்ளி

காத்து. பல் டொக்டரிட்ட டெர்மீன், குடுத்த நேரத்தை மறந்தே போனன். திட்டு வாங்கினன்.

மண்டைக்குள்ள இரண்டு ஊரும். வேலை முடிய பஸ்ஸுக்குள்ளயே இருந்து யோசிச்சதை அப்பிடியே எழுதுறன்:

நெருக்கம்: சி. நெருக்கம், ஹூ. பரவல். ஆக்கள் நெருங்கி இருந்தால்தான் பஸ் ஓடும், பஸ் ஓடினால்தான் நெருங்கி இருக்கலாம். இதுக்குப் படிப்புத் தேவையில்லை.

வளர்ச்சி: ஹூ. வளருது, அண்ணை சொல்லுறது சரி. ஆனால் வுப்பர்டாலிலயும் ஒரு காலத்தில சனம் குறைஞ்சதுதானே. குறைஞ்சபடியால்தான் வீடு சும்மா கிடந்தது, வாடகை மலிவு, எங்களை மாதிரி வந்தவைக்கு ஒரு கதவு திறந்தது. சனம் குறைஞ்ச ஊரெண்டால் இளக்காரமோ? எங்களை எடுத்து வைச்சிருந்தது அப்பிடி ஒரு ஊர்தான்.

வடிவு: இரண்டும். சத்தியமா இரண்டும். வெள்ளம் வந்து வீட்டுக்குள்ள நிண்டாலும் அடுத்த கிழமை கதிரையைக் காயப்போட்டுக் கடை திறக்கிற ஹூ. சனத்தையும் கும்பிட வேணும்.

சாப்பாடு: ஹூ. (கறிவேப்பிலை.)

குளிர்: ஹூ. வெண்டது. ஆனால் ஆரணி இஞ்ச வளந்தவள், அவளுக்குக் குளிர் பாலும் பழமும்.

ஆக்கள்: ஹூ.-வில அண்ணை. சி.-வில ஒருத்தரும் இல்லை.

இந்தக் கடைசி வரியிலதான் நான் இடறி இடறி விழுறன்.

பின்னேரம் அண்ணை திரும்பவும். "பதில் சொல்லியாச்சோ?" இல்லை எண்டன். "அப்ப பூக்கட்டிப் பார். அந்தக் காலத்தில அம்மா எனக்கு அப்பிடித்தானே பாத்தவ. ஞாயிற்றுக்கிழமை கோயிலில வை. சிவப்பெண்டால் சிக்காகோ, வெள்ளையெண்டால் ஹூஸ்ரன். பிள்ளையார் சொல்லட்டும், நான் வாயே திறக்கமாட்டன்."

வாயே திறக்கமாட்டாராம். பிறந்த நாளில இருந்து மூடாத வாய். ஆனால் பிள்ளையாரில சரியான நம்பிக்கை மனுசனுக்கு.

ஆரணி: "ஓம் அம்மா, அது நல்ல ஐடியா. ஃபெயர்." தோளைக் குலுக்கினாள்.

பங்குனி 15, சனி

வெயில். லீவு. உடுப்புத் தோய்ச்சது. சீலை ஒண்டு சாயம் போய் இவரின்ர பழைய சேட் ஒண்டைக் கெடுத்துப் போட்டுது. இன்னும் அந்தச் சேட்டை ஏன் தோய்க்கிறன் எண்டு கேக்க ஆரும் இல்லை.

துருக்கிக்காரன் கடையில கார்னேஷன் பூ, சிவப்பில ஒரு கட்டு, வெள்ளையில ஒரு கட்டு. பூக்கட்டிப் பாக்க இரண்டும் ஒரே அளவா இருக்க வேணும், பொட்டலத்துக்கு வெளியால தடவினாலும் தெரியக்கூடாது. கடை விளம்பரத் தாளில இரண்டு சதுரம் வெட்டினன். மேசையில இருந்தன். ஆரணி சிநேகிதியோட டோர்ட்மண்டுக்குப் போயிட்டாள், வீட்டில ஒருத்தருமில்லை.

முதல் தாளில சிவப்பு வைச்சு நூல் சுத்தினன்.

இரண்டாவது தாளில வெள்ளையை வைச்சன். பாத்தன். எடுத்தன். திரும்ப வைச்சன். அந்த மினுங்கின கண்தான் முன்னால நிக்குது. பிள்ளையார் வெள்ளையைத் தந்தால் என்ர பிள்ளை "ஓம் மாமா" எண்டு சிரிச்சுக்கொண்டு போவாள், ஒரு நாளும் வாய் திறந்து சொல்லமாட்டாள். தேப்பன் மாதிரி.

நான் கேட்டுக்கொண்டிருந்தது பிழையான கேள்வி. சி.-வில ஆர் இருக்கினம் எண்டு. அந்தத் தரிப்பெல்லாம் நிண்டவை ஆர்? நெருக்கமான ஊரில தனிய இருக்கிற பிள்ளை தனியில்லை. கீழ ஒரு பாண் கடை, எதிர் யன்னலில ஒரு வெளிச்சம். குளிருக்குள்ள அவள் பஸ்ஸுக்கு ஓடி வந்தால் கண்ணாடியில கண்டு கதவைத் திரும்பத் திறக்க என்னை மாதிரி ஒருத்தி அங்கயும் இருப்பாள்.

இரண்டாவதிலயும் சிவப்பு.

பிள்ளையாரே, பொறுத்துக்கொள். தேங்காய் இரண்டு உடைக்கிறன். பொட்டலம் இரண்டையும் தயிர்ப்பெட்டிக்குள்ள போட்டுக் குளிர்ப்பெட்டியில வைச்சிட்டன், வாடாமலிருக்க. மிச்ச வெள்ளைப் பூ எல்லாம் இவரின்ர படத்துக்கு.

களவெடுத்தவள் மாதிரிக் கிடக்கு. ஆனாலும் சந்தோசம்.

பங்குனி 16, ஞாயிறு

கோயில். எங்கட பிள்ளையார் இருக்கிறது பழைய சாமான் கிட்டங்கிக்குள்ள, ஒரு பக்கம் ரயர் கடை. நல்ல சனம். அண்ணை போனில, வீடியோவில, வேட்டி கட்டி, திருநீறு பூசி! அங்க விடியவும் இல்லை.

பூசை முடிய ஐயர் பொட்டலம் இரண்டையும் தட்டில வைச்சுக் காட்டினார். "பிள்ளையே எடுக்கட்டும்." ஆரணி கண்ணை மூடிக்கொண்டு ஒண்டை எடுத்தாள். நான் எனக்குள்ள சிரிச்சுக்கொண்டு நிக்கிறன். எதை எடுத்தால் என்ன.

ஐயர் நூலை அவிட்டார்.

வெள்ளை.

போனுக்குள்ள அண்ணை, "பாத்தியே! பாத்தியே! பிள்ளையாரெண்டால் பிள்ளையார்தான்!" பக்கத்தில நிண்ட அக்கா ஒராள், "சொந்தக்காரர் இருக்கிற ஊர்தான் வந்திருக்கு, நல்லது பிள்ளை" எண்டு முதுகைத் தடவுறா. இரண்டிலயும் சிவப்பு வைச்சவள் நான். வாய் திறக்கவும் ஏலாது. மற்றப் பொட்டலத்தை ஐயர் பூக்கூடைக்குள்ள போடப் போனார், "தாங்கோ ஐயா" எண்டு பறிக்காத குறையா வாங்கிக் கைப்பைக்குள்ள வைச்சன். சப்பாத்துக் கழட்டுற மூலையில போய்ப் பிரிச்சன்.

அதுவும் வெள்ளை.

பிள்ளையார் நினைச்சால் ஒரு பூவை மாத்தலாம். இரண்டையும் மாத்த அவருக்கு என்ன அவசரம்? அப்பதான் ஞாபகம் வந்தது. காலமை படத்துக்கு முன்னால பூவைப் பாத்து, என்ன, குறைஞ்சு ஐதாக் கிடக்குது எண்டு நினைச்சனான்.

வீட்ட வரேக்க தொங்கு ரயிலில. கீழ ஆறு. கேட்டிட்டன்.

"குளிர்ப்பெட்டியைத் திறந்தனீயோ?"

வெளியால பாத்துக்கொண்டே சொன்னாள், "முதல் நீங்கள் சொல்லுங்கோ. இரண்டிலயும் ஏன் சிவப்பு வைச்சனீங்கள்?"

போச்சு.

"எனக்குப் பொறுக்கேலாமல் போட்டுதம்மா. ஒண்டைப் பிரிச்சனான், சிவப்பு. சரி, திரும்பக் கட்டுவம் எண்டு பாத்தால் மற்றதும் சிவப்பு. அதிலயே நிலத்தில இருந்து அழுதனான்."

"அழுதிட்டு அப்பிடியே கட்டி வைக்கிறதுதானே, விசரி!"

"எப்பிடி வைக்கிறது? உங்களுக்கு ஹூஸ்ரன்தான் விருப்பம் எண்டு எனக்குத் தெரியாதோ? அந்த மரத்தைப் பற்றி எத்தினை தரம் சொன்னனீங்கள்? ஹூஸ்ரனெண்டால் நீங்கள் பேந்து வருவீங்கள். சிக்காகோவெண்டால் உங்களை இஞ்ச தனிய விட்டிட்டுப் போறன். எனக்காகக் கடவுளிட்டயே களவு செய்யிற அம்மாவை விட்டிட்டு எப்பிடிப் போறது?"

"பூ?"

"அப்பாவிட்ட எடுத்தனான்."

"அப்ப மூண்டு பேரும் கூட்டுக் கள்ளர்."

சிரிப்பு வந்திட்டுது, அவளுக்கும் எனக்கும், பிறகு அழுகை, பிறகு திரும்பச் சிரிப்பு. எதிரில இருந்த ஜெர்மன் மனுசி ஒரு பேப்பர் லேஞ்சி நீட்டினா. இறங்க வேண்டிய இடத்தையும் விட்டிட்டம். நான், பஸ் ஓட்டுறவள்!

நடந்து வரேக்க சொன்னன். மரம் எங்கயும் ஓடாது, அண்ணையிட்ட நான் எப்ப எண்டாலும் போவன். மினுங்கின கண் மங்கினால் என்னால தாங்க ஏலாது. நீ உன்ர ஊருக்குப் போ. "தனிய என்ன செய்வீங்கள்?" எண்டாள். நான் தனியோ? மேல செந்தில், கீழ துருக்கிக்காரன், பஸ் நிறைய சனம். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தாள்.

பின்னேரம் அண்ணைக்கு எடுத்தன். "அண்ணை, பூவில கள்ளம்."

"ஆர் செய்தது?"

"நான் ஒருக்கா. அவள் ஒருக்கா."

கோவிக்கப் போறார் எண்டு நினைச்சன். "பிள்ளையார் பாவம்" எண்டார். பிறகு, "இஞ்ச இருந்து சிக்காகோவுக்குப் பிளேனில ஒரு கொஞ்ச நேரம்தான். கறிவேப்பிலை நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்." அண்ணைதான்.

பங்குனி 17, திங்கள்

குளிர். மேகமில்லை. காலமை ஷிஃப்ட். வைப்பர் இன்னும் திருத்தேல்லை.

மலையடியில ஆரணி ஏறினாள். பள்ளிக்கூடம் போற காலத்தில மாதிரி முன்கதவால, தெரியாத ஆள் மாதிரி ரிக்கற்றைக் காட்டி. "சிக்காகோ போகுதோ?" "உள்ள போய் இருங்கோ பிள்ளை, சாரதியோட கதைக்கக்கூடாது."

கடைசித் தரிப்பு. எல்லாரும் இறங்கிட்டினம், அவள் மட்டும். போனைத் தூக்கிக் காட்டினாள், எழுதி வைச்சிருக்கிற பதிலை. "அனுப்பவோ அம்மா?"

"அனுப்பு."

விரலால தட்டினாள். ஸ்ஸ் எண்டு ஒரு சத்தம். அவ்வளவுதான், ஒரு பிள்ளை போறது.

வெளிக்கிட நேரம் வந்திட்டுது. புதுச் சனம் ஏறினது, கதவை மூடினன். கண்ணாடியில பாத்தன், சிரிக்கிறாளோ அழுகிறாளோ தெரியேல்லை. முன்னால றோட்டும் தெரியேல்லை. வைப்பரைப் போட்டன். கீச்சுக் கீச்சு. மழையே இல்லை.